தர்மத்துக்கும் ஒரு கலுங்கு

1897 ஜனவரி 26. யாழ்ப்பாணத்திலிருந்து கிளம்பிய படகு பாம்பன் கரையை நெருங்குகிறது. அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் ஒரு கலக்குக் கலக்கிவிட்டு, சுவாமி விவேகானந்தர் தாய்நாட்டு மண்ணில் காலை வைக்கப் போகிறார். கரையில் ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி காத்திருக்கிறார். சுவாமியை ஏற்றிக்கொண்ட சாரட்டு வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டார்கள். ஜனங்களே வண்டியை இழுத்தார்கள். ராஜாவும் கூடச் சேர்ந்து இழுத்தார்.

மறுநாள் ராமேஸ்வரம் கோயிலில் சுவாமி பேசினார். ஏழையிடம் சிவனைப் பார்ப்பதுதான் உண்மையான பூஜை என்றார். கேட்டுக்கொண்டிருந்த ராஜா உருகிப் போனார். ஆயிரக்கணக்கான ஏழைகளுக்குச் சாப்பாடு போட்டார், துணி கொடுத்தார். சுவாமி வந்து இறங்கியதன் நினைவாக 40 அடி உயரத்தில் ஒரு தூணும் எழுப்பினார்.

பள்ளிக்கூடப் புத்தகம் இங்கே முற்றுப்புள்ளி வைத்துவிடும். நான் பி.காம். படித்தவன். எனக்கு அடுத்த கேள்வி வரும். இந்தச் செலவையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், அந்த வண்டியை இழுத்த நாளில் ராமநாதபுரம் ஜமீனின் நிர்வாகம் ராஜாவின் கையில் இல்லை. இரண்டு வருடங்களுக்கு முன்பே, 1895-இல், கடன் கழுத்தை நெரித்ததால் ஜமீனைச் சிறுவனான தன் மகன் பெயருக்கு மாற்றி, டிரஸ்டி பொறுப்பில் விட வேண்டிய நிலைமை அவருக்கு வந்திருந்தது. கொடுத்த கை. ஆனால் காய்ந்த கை.

*

இந்தக் கேள்வி எனக்குச் சும்மா வரவில்லை. ராமநாதபுரத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறார். சாயங்காலம் இரண்டு மணி நேரம் இலவச டியூஷன். முடிந்ததும் ஆளுக்கு ஒரு கிண்ணம் சுண்டல். நல்ல மனுஷர், நல்ல காரியம். நன்கொடையும் வந்துகொண்டுதான் இருந்தது.

ஒருநாள் அவருக்கு நெஞ்சுவலி. மதுரையில் ஆஸ்பத்திரி, ஆபரேஷன், ஓய்வு என்று நாற்பது நாள். அந்த நாற்பது நாளும் டிரஸ்ட் கணக்கிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியவில்லை. செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் அவர் ஒருவருக்குத்தான். வங்கியில் பணம் இருக்கிறது, டியூஷன் வாத்தியார்களுக்குச் சம்பளம் இல்லை. மளிகைக் கடையில் பழைய பாக்கியைக் கேட்டார்கள். முதலில் சுண்டல் நின்றது. அப்புறம் பிள்ளைகளும் நின்றார்கள்.

திருட்டு இல்லை, மோசடி இல்லை, யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஒரே ஒரு கேள்வியை யாரும் கேட்காமல் விட்டுவிட்டார்கள். ‘சார் வராவிட்டால் என்ன செய்வது?’ அவ்வளவுதான்.

கம்பெனிக்காரர்கள் இதற்கு ‘ரிஸ்க் மேனேஜ்மென்ட்’ என்று பெயர் வைத்து, கோட்டு சூட்டு போட்டுப் பாடம் எடுக்கிறார்கள். தர்ம காரியம் செய்கிறவர்களிடம் போய் இதைப் பேசினால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். ‘நல்லது செய்யறோம், ஆண்டவன் பார்த்துக்குவான் சார்.’

ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று ராமநாதபுரத்துக்காரன் கண்மாய் வெட்டவில்லையே! மழை எப்போது வரும் என்று தெரியாத சீமை இது. வரும்போது கொட்டித் தீர்க்கும். அதனால் தண்ணீரைத் தேக்க ஒரு கரை. வயலுக்கு அளந்து விட ஒரு மடை. அளவுக்கு மீறி வெள்ளம் வந்தால் கரை உடையாமல் தண்ணீரை வெளியே அனுப்ப ஒரு கலுங்கு. வெளியேறும் தண்ணீர் வீணாவதில்லை, அடுத்த கண்மாய்க்குப் போகும். கலுங்குக்குத் தினசரி வேலை கிடையாது. சில வருடங்களில் வேலையே கிடையாது. என்றோ ஒரு ராத்திரிக்காகக் கட்டி வைத்தது. அந்த ஒரு ராத்திரியில் அது இல்லையென்றால், கண்மாயும் இல்லை, ஊரும் இல்லை.

தர்மத்துக்கும் கரை, மடை, கலுங்கு மூன்றும் வேண்டும். வெறும் தண்ணீர் மட்டும் போதாது. இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த மேனேஜ்மென்ட் புத்தகமும் இல்லை. பரமக்குடியிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் போகிற ஒரே ஒரு ரோடு.

*

பாஸ்கர சேதுபதி 1868-இல் பிறந்தார். ஐந்து வயதிலேயே அப்பா போய்விட்டார். ஜமீனை ‘கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்’ எடுத்துக்கொண்டது. வாரிசு மேஜராகும்வரை வெள்ளைக்கார சர்க்கார் ஜமீனைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு அது. பையனுக்கு இங்கிலீஷ் வாத்தியார் வைத்துப் படிக்க வைத்தார்கள். 1889-இல், இருபது வயதில், பட்டத்துக்கு வந்தார். சென்னை ராஜதானியின் மிகப் பெரிய ஜமீன்களில் ஒன்று அவர் கைக்கு வந்தது.

ஆறே வருடம். எல்லாம் கையை விட்டுப் போனது.

குடித்து அழித்தார், கூத்தாடி அழித்தார் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. அவர் கொடுத்து அழித்தார். கோயிலுக்குக் கொடுத்தார், புலவருக்குக் கொடுத்தார், படிக்கிற பையனுக்குக் கொடுத்தார். சிகாகோ போவதற்கு விவேகானந்தருக்கு உதவினார். நவராத்திரி வந்தால் அரண்மனையில் தானம் ஆறாக ஓடும். கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது சேதுபதி வம்சத்துக்கு இழுக்கு என்று நினைத்தார். கையில் இல்லாதபோது கடன் வாங்கிக் கொடுத்தார். கடனுக்கு வட்டி, வட்டிக்குக் கடன், நடுவில் கோர்ட்டு வழக்குச் செலவு. வரவு எங்கிருந்து? நிலவரி. நிலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து? வானத்திலிருந்து. ராமநாதபுரத்து வானத்தை நம்பிக் கடன் வாங்குவது என்பது… உங்களுக்கே தெரியும்.

மடையைத் திறந்து பாசனம் செய்யலாம். அவர் கரையையே வெட்டிப் பாசனம் செய்தார். முதல் போகம் பிரமாதமாக விளையும். அடுத்த போகத்துக்குக் கண்மாய் இருக்காது. வட்டியில் தர்மம் செய்வது வேறு, முதலில் தர்மம் செய்வது வேறு, கடனில் தர்மம் செய்வது முற்றிலும் வேறு. மூன்றும் வாங்குகிறவருக்கு ஒரே மாதிரிதான் தெரியும். வித்தியாசம் கணக்குப் புத்தகத்தில்தான் தெரியும்.

1903 டிசம்பரில் அவர் காலமானபோது வயது 35.

அவர் வாரிக் கொடுத்ததில் எது மிஞ்சியது என்று தேடிப் பாருங்கள். ஆச்சரியமான பதில் கிடைக்கும். 1901-இல் மதுரையில் தமிழ்ச் சங்கம் தொடங்கினார் பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். பாஸ்கர சேதுபதியின் உறவினர். சேதுபதியும் அதற்குத் துணை நின்றார். 1903-இல் இவர் போனார், 1911-இல் பாண்டித்துரைத் தேவரும் போனார். சங்கம் இன்றும் மதுரையில் இருக்கிறது. செந்தமிழ்க் கல்லூரி நடக்கிறது. காரணம், அது ஒருவரின் மடிச்சீலையாக இருக்கவில்லை. உறுப்பினர், கட்டடம், பத்திரிகை, நிர்வாகக் குழு என்று ஒரு நிறுவனமாக ஆகிவிட்டிருந்தது.

*

வேடிக்கை என்னவென்றால், இந்த வித்தையை உலகத்துக்கே சொல்லித் தரக்கூடிய பரம்பரை சேதுபதிகளுடையது.

பாஸ்கர சேதுபதியின் முன்னோர்கள் வெட்டி வைத்த செப்பேடுகள் நிறைய கிடைத்திருக்கின்றன. ஒரு சத்திரத்தில் யாத்திரிகர்களுக்கு அன்னதானம் நடக்க வேண்டும். ராஜா என்ன செய்வார்? மாதா மாதம் கஜானாவிலிருந்து பணம் அனுப்ப மாட்டார். ஒரு கிராமத்தையே அந்தச் சத்திரத்துக்கு எழுதி வைத்துவிடுவார். கிராமத்தின் நான்கு எல்லைகள் என்னென்ன, அதன் வருமானம் எதற்குச் செலவாக வேண்டும், யார் பொறுப்பு, யார் சாட்சி, எல்லாம் செம்புத் தகட்டில் ஏறிவிடும். நாளைக்கு ராஜாவின் கஜானா காலியானாலும் சத்திரத்து அடுப்பு எரியும். ராஜாவின் பை வேறு, தர்மத்தின் பை வேறு.

கடைசியில் ஒரு சாபம் இருக்கும். இந்தத் தர்மத்தைக் காப்பாற்றுகிறவருக்கு இன்ன புண்ணியம், கெடுக்கிறவருக்குக் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் என்கிற ரீதியில் போகும். ‘ஓம்படைக்கிளவி’ என்று கல்வெட்டுக்காரர்கள் சொல்வார்கள். நமக்குச் சிரிப்பு வரலாம். கொஞ்சம் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். ஆடிட்டர் இல்லாத காலம். அறக்கட்டளைச் சட்டம் இல்லாத காலம். எனக்குப் பின்னால் வருகிறவன் யோக்கியனாக இருப்பான் என்று அந்த ராஜா நம்பிவிட்டு உட்காரவில்லை. அயோக்கியனாக இருந்தால் என்ன செய்வது என்று யோசித்தார். அன்றைக்கு மனிதர்கள் எதற்குப் பயப்படுவார்களோ அதை வைத்துப் பூட்டுப் போட்டார். வருகிறவன் தன் சொந்தப் பேரனாகவே இருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரியும்!

1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஜமீன் போயிற்று. ஆனால் ராமநாதபுரம் சமஸ்தான தேவஸ்தானம் என்ற பெயரில் கோயில்களின் நிர்வாகம் இன்றும் நடக்கிறது. தனிப் பையாக வைத்தது தப்பித்தது.

இன்னொரு வழியும் இந்தச் சீமையிலேயே இருந்தது. 1985-இல் பிரிக்கப்படும்வரை விருதுநகரும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான். அங்கே நாடார் உறவின்முறைகளில் ‘மகமை’ என்று ஒரு ஏற்பாடு. வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகையைப் பொதுவுக்கு ஒதுக்கிவிட வேண்டும். ஒருவருக்கும் கை கடிக்காது. சேர்ந்தால் பெரிய பணம். அதை நிர்வாகம் செய்கிற முறைகாரர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பணத்தில்தான் 1880-களில் க்ஷத்திரிய வித்யாசாலை என்ற பள்ளிக்கூடம் எழுந்தது.

ஒரு ராஜா நொடித்தால் அவரை நம்பிய அத்தனை தர்மமும் நொடிக்கும். ஒரு வியாபாரி நொடித்தால் மகமையில் ஒரு மூட்டைக் காசு குறையும். வித்தியாசம் புரிகிறதா?

இதைப் பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கும் ஒரு நிறுவனம் அதை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று வந்தது. சட்டம் சரியா தப்பா என்பது தனிப் பஞ்சாயத்து. ஆனால் டெல்லியிலும் சென்னையிலும் இருக்கும் பெரிய தொண்டு நிறுவனத்திடமிருந்து வருகிற ஒற்றைக் குழாயை மட்டும் நம்பிக் கிராமத்தில் வேலை செய்த சின்ன நிறுவனத்தை யோசித்துப் பாருங்கள். குழாய் அடைபட்டால் அதற்கு வேறு வாய்க்கால் ஏது? அன்றைக்கு ராஜா, இன்றைக்கு டோனர். ஒற்றை ஆள் ஒற்றை ஆள்தான்.

*

இப்போது பஸ் ஏறுங்கள். பரமக்குடி தாண்டினால் சத்திரக்குடி. ராமநாதபுரம் தாண்டிக் கடலை நெருங்கினால் மண்டபம். பாலம் ஏறி இறங்கினால் அக்காள்மடம், தங்கச்சிமடம். பெயர்களைக் கவனித்தீர்களா? சத்திரம், மண்டபம், மடம், மடம். காசியிலிருந்து கங்கை ஜலத்தைத் தூக்கிக்கொண்டு மாதக்கணக்கில் நடந்து வந்தவர்களுக்கு நிழலும் சோறும் கொடுத்த பாதை இது. ஊர்ப்பெயராகவே நின்றுவிட்ட தர்மம்.

அப்புறம் என்ன ஆயிற்று? கெட்டவர்கள் யாரும் வரவில்லை. ரயில் வந்தது.

1902-இல் மதுரையிலிருந்து மண்டபம் வரை ரயில். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறந்தார்கள். மாதக்கணக்கில் நடந்த தூரம் ஒன்றிரண்டு நாள் பயணமாகச் சுருங்கிவிட்டது. நடக்க ஆளில்லாத பாதையில் நடப்பவர்களுக்கான சத்திரம் எதற்கு? எழுதி வைத்த கிராமம் இருக்கிறது, செப்பேடு இருக்கிறது, சாபமும் இருக்கிறது. பசித்தவன் வேறு இடத்துக்குப் போய்விட்டான்.

தொண்டு நிறுவனங்கள் யோசிக்கவே மறுக்கிற ஆபத்து இதுதான். பணம் தீரும் என்று பயப்படுவார்கள். தேவை தீரும் என்று யாரும் பயப்படுவதில்லை. தேவை இடம் மாறும் என்றுகூட நினைப்பதில்லை. ‘இருபது வருஷமா இதைத்தான் சார் செய்யறோம்’ என்று பெருமையாகச் சொல்வார்கள். அது பெருமையா, பிடிவாதமா?

இதே ராமேஸ்வர யாத்திரைப் பாதையில், தஞ்சாவூருக்குத் தெற்கே, ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி கட்டியது. யாத்திரிகர் கூட்டம் குறைந்த பிறகு இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சொத்தை என்ன செய்வது என்ற கேள்வி வந்தது. தஞ்சாவூர் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த ஏ.டி. பன்னீர்செல்வம் அங்கே ஏழை மாணவர்களுக்கு விடுதி நடக்க வழி செய்தார். சோறு அதே சோறு. சாப்பிடுகிறவன் மட்டும் மாறினான். வழிப்போக்கனுக்குப் பதில் படிக்க வந்த பையன். சரபோஜி எழுந்து வந்து பார்த்தாலும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கலுங்கு வழியாகப் போகிற தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகிறது என்று சொன்னேன் இல்லையா? அது இதுதான்.

*

ரோடு முடிகிற இடத்தில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 ராத்திரி. ரயில் நிலையம், தபால் ஆபீஸ், கஸ்டம்ஸ் ஆபீஸ், பள்ளிக்கூடம், மாதா கோயில் என்று உயிரோடு இருந்த ஒரு துறைமுக ஊரைப் புயலும் கடலும் சேர்ந்து வாரிக்கொண்டு போயின. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653-ஆம் எண் பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு மூழ்கியது. ஒருவரும் மிஞ்சவில்லை. பாம்பன் பாலத்தின் கர்டர்கள் அடித்துக்கொண்டு போயின. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயரின் பொறுப்பில் 46 நாளில் பாலத்தை நிமிர்த்தினார்கள். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டிய அதே ஸ்ரீதரன். தனுஷ்கோடியை மட்டும் நிமிர்த்தவில்லை. மனிதர் வசிக்க ஏற்ற இடமில்லை என்று அரசு அறிவித்துவிட்டது.

புயலை யாரும் நிறுத்த முடியாது. ஆனால் சேதியை முன்னாலேயே சொல்லலாம். 2016-இல் பாம்பனில் ‘கடல் ஓசை’ என்று ஒரு சமுதாய வானொலி தொடங்கினார்கள். 90.4-இல் கேட்கலாம். மீனவர்களுக்காகவே நடக்கிற வானொலி. பாட்டுக்கு நடுவில் காற்று எப்படி, அலை எப்படி, இன்றைக்குக் கடலுக்குப் போகலாமா என்று சொல்கிறது. ஒரு சின்ன அறக்கட்டளையால் புயலுக்கு எதிராக என்ன செய்ய முடியும் என்று கேட்டால், இதைச் செய்ய முடியும்.

இயற்கை செய்கிற கொடுமையை மன்னித்துவிடலாம். ராமநாதபுரம் மாவட்டத்திலேயே இன்னொரு விடியற்காலை இருக்கிறது. அதை மன்னிக்க முடியாது.

ஏர்வாடி. அங்கே உள்ள தர்காவுக்கு எல்லா மதத்துக்காரர்களும் மனநோய் கண்ட தங்கள் பிள்ளையை, மனைவியை, தம்பியை அழைத்து வருவார்கள். பிரார்த்தனை செய்தால் குணமாகும் என்ற நம்பிக்கை. தர்காவைச் சுற்றிலும் தனியார் காப்பகங்கள் முளைத்தன. குடும்பத்தார் காசு கட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். நோயாளி ஓடிவிடக் கூடாது. என்ன செய்வது? சங்கிலி.

2001 ஆகஸ்ட் 6, காலை ஐந்து மணி வாக்கில், அப்படி ஒரு காப்பகத்தின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். சங்கிலியில் இருந்தவர்கள் கத்தினார்கள். மொத்தம் 28 பேர் இறந்தார்கள்.

அது தர்ம ஸ்தாபனம் இல்லை, காசு வாங்கி நடத்திய இடம் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், மனநலக் காப்பகம் என்று எதை நடத்துகிறவராக இருந்தாலும், அந்தக் கொட்டகையின் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் போக வேண்டும். தீ ஒரு ஆபத்து. அது எங்கே வேண்டுமானாலும் பிடிக்கும். கூரை கீற்றாக இருந்தது இன்னொரு ஆபத்து. சங்கிலி மூன்றாவது ஆபத்து. பயங்கரம் என்னவென்றால், அந்தச் சங்கிலியைப் போட்டவர்கள் அதைப் பாதுகாப்பு என்று நினைத்தார்கள். ஒரு ஆபத்துக்கு நாம் கண்டுபிடிக்கிற தீர்வே இன்னொரு ஆபத்தாக மாறும் என்பதற்கு இதைவிடக் கொடூரமான உதாரணம் எனக்குத் தெரியாது. பிள்ளைகள் வெளியே ஓடிவிடுவார்கள் என்று ராத்திரி வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை வார்டன் இடுப்பில் செருகிக்கொண்டு தூங்குகிற விடுதி உங்கள் ஊரில் இல்லை என்று சத்தியம் செய்வீர்களா?

ஒரு வாரத்தில், ஆகஸ்ட் 13 அன்று, அங்கிருந்த அப்படிப்பட்ட காப்பகங்களை எல்லாம் அரசு மூடியது. ஐநூறுக்கும் மேற்பட்ட நோயாளிகளை அரசு தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. மனநலக் காப்பகங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது. சங்கிலி காலில் இருந்தது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. பின்னாளில் ஏர்வாடியிலேயே பிரார்த்தனையோடு மருந்தும் கொடுக்கும் ‘தவா-துவா’ திட்டம் வந்தது. நம்பிக்கையைப் பிடுங்காமல் வைத்தியத்தைப் பக்கத்தில் கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். நல்ல யோசனை. 28 உயிருக்கு அப்புறம் வந்த யோசனை.

பாடம் கற்றோமா? 2004 ஜூலை 16, கும்பகோணம். 94 குழந்தைகள். அதே கீற்றுக் கூரை.

*

ராமநாதபுரம் தலைமையாசிரியர் வீடு திரும்பிய பிறகு, கணக்கைச் சரிபார்த்துக் கொடுக்கச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். நான் கணக்கைவிட மற்றவற்றைத்தான் பார்த்தேன். டியூஷன் நடக்கும் இடத்துக்கு வாசல் ஒன்றா, இரண்டா? சுண்டல் வேகிற அடுப்பு பிள்ளைகள் உட்காரும் இடத்துக்கு எவ்வளவு பக்கம்? நன்கொடையில் பாதிக்கு மேல் ஒரே ஆளிடமிருந்து வருகிறதா? ஆறு மாதச் செலவுக்காவது தனியாக ஒரு வைப்புத்தொகை உண்டா? பிள்ளைகளுக்கு இப்போதும் டியூஷன்தான் தேவையா, வேறு ஏதாவதா என்று அவர்களிடம் கேட்டது எப்போது? நோட்டில் எழுதினேன். ஒரு பக்கத்தைத் தாண்டவில்லை. பைசா செலவில்லாமல் சரிசெய்யக் கூடியவையே பாதிக்கு மேல்.

கடைசியாக வங்கிப் படிவத்தை நீட்டினேன். இன்னும் இரண்டு டிரஸ்டிகளுக்கும் கையெழுத்து அதிகாரம் கொடுக்கிற படிவம். மூவரில் எந்த இருவர் போட்டாலும் செக் செல்லும். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஏன் தம்பி, நான் போய்ச் சேர்ந்துருவேன்னு முடிவே பண்ணிட்டீங்களா?”

“இல்ல சார். நீங்க சீதக்காதி ஆகணும்னு சொல்றேன்.”

சிரித்துவிட்டார். கீழக்கரை அவருக்குப் பக்கத்து ஊர். ‘செத்தும் கொடை கொடுத்தான் சீதக்காதி’ என்று அவர் எத்தனை வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்! கிழவன் சேதுபதி காலத்துப் பெரும் வணிகர், வள்ளல். அவர் இறந்த பிறகு தேடி வந்த புலவருக்குக் கல்லறையிலிருந்து கை நீண்டு மோதிரம் கிடைத்ததாகக் கதை. கதையை விடுங்கள். இன்னொரு சேதி இருக்கிறது. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட ஆதரவு கொடுத்தவர் இந்தச் சீதக்காதிதான். நூல் முடிவதற்குள் அவர் காலமாகிவிட்டார். பாதியில் நின்றிருக்க வேண்டிய காரியம். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். காவியம் நமக்குக் கிடைத்தது. கல்லறையிலிருந்து கை நீள வேண்டாம். பக்கத்தில் இன்னொரு கை இருந்தால் போதும்.

பெரியவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நிதானமாக, மூன்று இடத்தில். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்:

“சுண்டல் செலவுக்கு மட்டும் ஒரு ஐந்நூறு ரூபா என் சட்டைப்பையில வச்சுக்கலாமா தம்பி?”

“தாராளமா வச்சுக்குங்க சார். ஆனா வவுச்சர் எழுதணும்.”